புரையேறாத தொண்டை: பக்கவாதமும் ஒரு வாய் தண்ணீரும்

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் தமிழ் வீடுகளில் என்ன சொல்வார்கள்? "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். தண்ணீர் டம்ளரை நீட்டுவார்கள். இருமி, கண்ணில் நீர் வந்து, ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். யார் நினைத்தார்கள் என்று பட்டியல் போட்டுச் சிரித்துவிட்டு மீண்டும் சாப்பிடத் தொடங்குவோம்.

புரையேறுவது ஒரு தொல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு காவல்காரன். புரையேற வேண்டிய நேரத்தில் ஏறாமல் போனால்தான் ஆபத்து. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை மருத்துவ உலகம் முழுதாகப் புரிந்துகொள்ள ஏறத்தாழ இருநூறு வருடங்கள் ஆகின. அந்த இருநூறு வருடக் கதைதான் இந்தக் கட்டுரை.

தொண்டை ஒரு ஜங்ஷன்

முதலில் தொண்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தென்காசி ரயில் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். திருநெல்வேலியில் இருந்து வரும் பாதையும், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாக விருதுநகரில் இருந்து வரும் பாதையும் அங்கேதான் சேருகின்றன. வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ப தண்டவாளம் மாறி நிற்க வேண்டும். மாறாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் தொண்டையும் அப்படி ஒரு ஜங்ஷன். மூக்கில் இருந்து காற்று வருகிறது. வாயில் இருந்து சோறும் தண்ணீரும் வருகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து, மறுபடி இரண்டாகப் பிரிகின்றன. முன்னால் இருப்பது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய். விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே ஏறுகிறது, குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, மூடி போன்ற ஒரு சவ்வு மூச்சுக்குழாயின் வாயை மறைக்கிறது, உணவுக்குழாய் திறக்கிறது. முப்பது ஜோடித் தசைகள் வரை இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. மூளையில் இருந்து வரும் நரம்புகளில் ஐந்து ஜோடி இதை நடத்துகின்றன. ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு முறை இது நடக்கிறது. ஒரு முறைகூட நாம் யோசிப்பதில்லை!

பக்கவாதம் என்பது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதாலோ வெடிப்பதாலோ வருவது. தென்காசிப் பக்கம் "ஒரு பக்கம் விழுந்துட்டு" என்பார்கள். கை விழுந்தது தெரியும், கால் விழுந்தது தெரியும், வாய் கோணியது தெரியும். ஆனால் தொண்டைக்குள் விழுந்தது வெளியே தெரியாது. அதோடு, தொண்டையின் உணர்வும் மரத்துப்போயிருந்தால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமலே வராது. நோயாளி அமைதியாகக் குடித்து முடிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா குடிக்கிறாரே" என்று சந்தோஷப்படுவார்கள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வரும், நெஞ்சில் சளி கட்டும், நிமோனியா என்பார்கள். அந்த நிமோனியாவுக்கும் முதல் நாள் கொடுத்த அரை டம்ளர் காபிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

தண்ணீரே மருந்தான ஊரில்

தென்காசியில் இருந்து சில கிலோமீட்டர் மேற்கே போனால் குற்றாலம். ஆனி, ஆடியில் சாரல் விழும்போது பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால் உடம்புப் பிணி போகும் என்பது பழைய நம்பிக்கை. கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள்கூட திருநெல்வேலிச் சீமையின் வெயிலில் இருந்து தப்பி, உடம்பு தேற இங்கே வந்து தங்கினார்கள். மூலிகைக் காற்று, மூலிகைத் தண்ணீர் என்பது குற்றாலத்தின் அடையாளம்.

அப்படித் தண்ணீரையே மருந்தாக மதிக்கும் ஊரில், "நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்காதே" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மயங்கி விழுந்தவருக்கு முதலில் கொடுப்பது தண்ணீர்தான். சிலர் சோடா உடைத்துக் கொடுப்பார்கள், சிலர் சூடாகக் காபி கொடுப்பார்கள். அது அன்பு, அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பக்கவாதம் வந்த தொண்டைக்கு மிகக் கடினமான உணவு எது தெரியுமா? கல் போன்ற முறுக்கு என்றுதான் நினைப்போம். உண்மையில் தண்ணீர்தான்! மெல்லிய திரவம் வேகமாக ஓடும். தளர்ந்துபோன தொண்டை தடம் மாற்றுவதற்கு முன்பே அது ஜங்ஷனைத் தாண்டிவிடும்.

சித்த மருத்துவம் இந்த நோயை வாதத்தின் கணக்கில் வைத்தது. பக்கவாதம், பாரிசவாதம், முகவாதம் என்ற பெயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1965இல், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதே 1965இல்தான் மைசூரில் பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கான அகில இந்திய நிறுவனமும் தொடங்கப்பட்டது. விழுங்கும் சிக்கலைக் கவனிக்கும் வேலை பிற்காலத்தில் இந்தியாவில் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியாளர்களிடம்தான் வந்து சேர்ந்தது. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்றால், நாக்கு, உதடு, குரல்வளை எல்லாம் இரண்டுக்கும் பொது.

1790: விலாங்கு மீன் தோல்

இனி கதையின் தொடக்கத்துக்குப் போவோம். லண்டனில் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1790இல் அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தன. எதையும் விழுங்க முடியாத அவர் பட்டினியால் சாக வேண்டியதுதான் என்ற நிலை.

ஹன்டர் என்ன செய்தார் தெரியுமா? திமிங்கலத்தின் வாயில் இருந்து எடுக்கும், வளையும் தன்மை கொண்ட ஒரு குச்சியை எடுத்தார். அதன்மேல் விலாங்கு மீனின் தோலை உறைபோல இழுத்து மாட்டினார். வழுக்கும் அந்தக் குழாயைத் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்கி, முட்டை, பால், சர்க்கரை, ஒயின் போன்றவற்றை உள்ளே செலுத்தினார். மருந்தும் அதே வழியில் போனது. கொஞ்ச நாளில் நோயாளிக்கு விழுங்கும் சக்தி திரும்பியது. குழாய் தேவையில்லாமல் போனது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹன்டரின் குழாய் நோயைக் குணப்படுத்தவில்லை. தொண்டை தானாகத் தேறும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்தது, அவ்வளவுதான். அது ஒரு தற்காலிகப் பாலம். இந்தப் பாடம் 1790இலேயே கண்ணெதிரே இருந்தது. பின்னால் வந்தவர்கள் இதை அடிக்கடி மறந்தார்கள்.

1895: இரண்டு ஜெர்மன் செய்திகள்

நூறு ஆண்டுகள் கழித்து, அன்று ஜெர்மனியில் இருந்த டான்சிக் நகரில் (இன்று போலந்தின் குடான்ஸ்க்) அடால்ஃப் வாலன்பெர்க் என்ற மருத்துவர் 38 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அவருக்குத் திடீரென்று தலைசுற்றல், முகத்தில் ஒரு பக்கம் உணர்வு மாற்றம், அதோடு விழுங்க முடியாமை. கைகால் பெரிதாக விழவில்லை. மூளைத்தண்டின் அடிப்பகுதியில், முகுளத்தின் பக்கவாட்டில், இந்த ரத்தக்குழாய்தான் அடைத்திருக்க வேண்டும் என்று வாலன்பெர்க் கணித்தார். ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரேகூடக் கிடையாது. நோயாளி இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து 1901இல் முடிவை வெளியிட்டார். கணிப்பு சரியாக இருந்தது!

விழுங்குவதற்கென்று மூளையில் ஒரு முகவரி உண்டு என்பது அப்படித்தான் உறுதியானது. இன்றும் அந்த வகைப் பக்கவாதத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் அந்த வாலன்பெர்க்கால் சொந்த ஊரில் கடைசிவரை வாழ முடியவில்லை. யூதர் என்பதால் நாஜிகளின் காலத்தில், 1938இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில் இங்கிலாந்துக்கு ஓட வேண்டியதாயிற்று. பிறகு அமெரிக்கா போய் 1949இல் அங்கேயே காலமானார்.

அவருடைய முதல் கட்டுரை வந்த அதே 1895இன் கடைசியில், ஜெர்மனியிலேயே இன்னொரு செய்தி. வில்ஹெல்ம் ரோன்ட்ஜன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருக்கும் ஒருவரின் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முதல் முறையாக ஒரு வழி பிறந்தது.

ஒரு மாணவரும் ஒரு வாத்தும்

அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் ஒரு மாணவர் என்பது சுவாரசியமான விஷயம். 1896 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், விலங்குகள் விழுங்குவதை எக்ஸ்ரே வழியாகப் பார்க்க ஆரம்பித்தார். நீளமான கழுத்து வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய வாத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கழுத்து அசையாமல் இருக்க அதற்கு உயரமான அட்டைக் காலர் மாட்டிவிட்டார்கள். உணவோடு பிஸ்மத் என்ற உலோக உப்பைக் கலந்து கொடுத்தால் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு வாத்தின் கழுத்தில் இறங்குவதைப் பார்த்தார்கள். பிறகு பிஸ்மத்தின் இடத்தை பேரியம் பிடித்தது. இன்று ஸ்கேன் சென்டர்களில் "பேரியம் குடிக்கச் சொன்னாங்க" என்று மக்கள் சொல்வது அந்த வாத்தில் இருந்து தொடங்கியது.

ஆனால் பேரியம் சோதனையில் எல்லோரும் பார்த்தது உணவுக்குழாயையும் வயிற்றையும்தான். தொண்டையில் ஒரு நொடியில் நடந்து முடியும் வேலையை நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு.

1921: ரைல்ஸ் ட்யூப்

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் மூக்கு வழியாகப் போடும் குழாய்க்கு ரைல்ஸ் ட்யூப் என்று பெயர். ரைல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. ஜான் ஆல்ஃபிரட் ரைல், லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர். 1921இல் வயிற்றில் சுரக்கும் அமிலத்தை அவ்வப்போது எடுத்துப் பரிசோதிப்பதற்காக மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை அறிமுகப்படுத்தினார். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கப் பிறந்த குழாய், பின்னால் வெளியே இருப்பதை உள்ளே அனுப்பப் பயன்பட்டது! அதே 1921இல் அமெரிக்காவில் ஆபிரகாம் லெவின் என்பவரும் மூக்கு வழியாக இறக்கும் குழாய் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவில் அவர் பெயரும், இந்தியாவில் ரைல் பெயரும் நிலைத்தன.

ரைல் பிற்காலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையோடு நின்றுவிடவில்லை. நோயைப் புரிந்துகொள்ள நோயாளியின் வீட்டையும் வேலையையும் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவப் பேராசிரியர் ஆனார். பிரிட்டனில் அப்படி ஒரு பதவி அதுவே முதல் முறை.

எல்லோரும் பார்த்தது பேச்சை மட்டும்

குழாய் இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, மூளையின் முகவரியும் தெரிந்திருந்தது. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டு பக்கவாத நோயாளியின் தொண்டையைப் பற்றி மருத்துவம் அதிகம் பேசவில்லை. பக்கவாதம் வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற எண்ணம்தான் காரணம். நோயாளி நிமோனியாவில் இறந்தால், படுத்த படுக்கையாகக் கிடந்தவர் போய்விட்டார் என்றே எழுதப்பட்டது.

தமிழ்நாடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்த ஒரு பக்கவாதம் 1984இல் நடந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். அங்கே பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே படுக்கையில் இருந்தபடியே டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தபோது அவருடைய பேச்சு பழையபடி இல்லை. 1987இல் மறையும்வரை அது முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, பக்கவாதம் பேச்சைப் பறிக்கும் என்பது அப்போது நெஞ்சில் பதிந்தது. ஆனால் பேசும் தசைகள்தான் விழுங்கும் தசைகளும் என்பதைப் பற்றி எந்தத் திண்ணையிலும் டீக்கடையிலும் பேச்சு எழவில்லை. குரல் எல்லோருக்கும் கேட்கும், விழுங்குவது யாருக்கும் கேட்காது.

சத்தமில்லாத புரை

எம்.ஜி.ஆருக்குப் பக்கவாதம் வந்ததற்கு முந்தைய ஆண்டு, 1983இல், அமெரிக்காவில் ஜெரி லோக்மன் என்ற பேச்சுப் பயிற்சி நிபுணர் விழுங்கும் கோளாறுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பேரியம் சோதனையை அவர் சற்று மாற்றினார். டம்ளர் நிறையக் கொடுக்காமல் ஒரு ஸ்பூன் திரவம், கொஞ்சம் கூழ், ஒரு துண்டு பிஸ்கட் என்று கொடுத்து, தொண்டையை எக்ஸ்ரே வீடியோவாக எடுத்தார். வயிற்றுக்குப் போகிறதா என்பதோடு, எந்தப் பக்கம் போகிறது, எந்த நொடியில் தவறுகிறது, தலையைக் குனிந்தால் மாறுகிறதா என்றும் பார்த்தார்.

அந்த வீடியோக்களில் இருந்துதான் அதிர்ச்சியான உண்மை தெளிவாக வெளிவந்தது. பேரியம் மூச்சுக்குழாயில் இறங்குவது திரையில் தெரிகிறது, ஆனால் நோயாளி இருமவில்லை! முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. படுக்கையருகே நின்று பார்க்கும் அனுபவசாலி மருத்துவர்களே பலரைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது? 2005இல் கனடாவின் ரோஸ்மேரி மார்ட்டினோ குழு பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தது. பரிசோதிக்கும் முறையைப் பொறுத்து, பக்கவாதம் வந்தவர்களில் 37 முதல் 78 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விழுங்கும் சிக்கல் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் குறைந்த எண், கருவி வைத்துப் பார்த்தால் அதிக எண். தேடினால்தான் தெரியும் நோய் இது.

90 மில்லி தண்ணீர்

எக்ஸ்ரே வீடியோ எல்லா ஊரிலும் கிடைக்குமா? கிடைக்காது. அதனால் எளிய சோதனைகள் வந்தன. 1992இல் அமெரிக்காவில் வெளியான ஒன்றுக்குத் தேவை 90 மில்லி தண்ணீர் மட்டும். நோயாளி அதை நிறுத்தாமல் குடிக்க வேண்டும். குடிக்கும்போதோ ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமினாலும், குரல் ஈரமாகக் கரகரத்தாலும் எச்சரிக்கை மணி. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் போதும். (வீட்டில் இதை முயற்சி செய்ய வேண்டாம். நோயாளி விழிப்போடு நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்பதைப் பார்த்து, படிப்படியாகச் செய்யத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது.)

இவ்வளவு சின்னச் சோதனையால் உயிர் பிழைக்குமா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சாண்டி மிடில்டன் என்ற நர்சிங் பேராசிரியரின் குழு 19 பக்கவாதப் பிரிவுகளில் ஒரு சோதனை நடத்தியது. சில பிரிவுகளில் நர்ஸ்களுக்கு மூன்று விஷயங்களில் மட்டும் முறையான பயிற்சி கொடுத்தார்கள்: காய்ச்சலைக் கவனி, சர்க்கரையைக் கவனி, விழுங்குவதைக் கவனி. புது மருந்து கிடையாது, புது இயந்திரம் கிடையாது. 2011இல் முடிவு வந்தது. 90 நாள் கழித்து இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் மற்ற பிரிவுகளில் 58 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 சதவீதம். மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது, விழுங்குவது மட்டும் அல்ல. ஆனாலும் கவனிப்பு என்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

தொண்டை ஏன் தேறுகிறது?

ஹன்டரின் நோயாளி ஏன் தேறினார் என்ற கேள்விக்கான பதிலும் இருநூறு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்டி என்பவரின் குழு மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டிப் பார்த்தது. வலது கையை மூளையின் இடது பாதி ஆளுகிறது. விழுங்குவது அப்படி இல்லை, மூளையின் இரண்டு பாதிகளிலும் அதற்கு இடம் உண்டு. ஒன்றில் பெரிதாக, மற்றதில் சிறிதாக. பெரிய பாதி அடிபட்டால் சிரமம் வருகிறது. நாளடைவில் அடிபடாத பாதி வேலையை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கை தேறாத பலருக்கும் சில வாரங்களில் தொண்டை தேறிவிடுகிறது.

நம் ஊர்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது. "மூக்குல ட்யூப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்" என்று கண்ணீர் விடுபவர்கள் உண்டு. ட்யூப் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போய், ஆசையாகக் கரண்டியில் ஊட்டுபவர்களும் உண்டு. ட்யூப் என்பது முடிவின் அடையாளம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது ஹன்டரின் விலாங்குத் தோல் போலத்தான், கொஞ்ச நாள் பாலம்.

ட்யூபும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், எண்டோஸ்கோப் உதவியோடு வயிற்றில் சிறு துளையிட்டு நேராகக் குழாய் வைக்கும் முறை வந்தது. மூக்கு ட்யூபைவிட இது வசதியானது என்பதால் சீக்கிரமே எல்லோருக்கும் வைக்கலாம் என்ற எண்ணம் பரவியது. 2005இல் வெளியான 'ஃபுட்' என்ற பன்னாட்டு ஆய்வு அந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை. முதல் சில வாரங்களுக்கு மூக்கு ட்யூபே போதும் என்பதுதான் அதில் இருந்து கிடைத்த பாடம். மேலும், எச்சில் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கும். ட்யூப் இருந்தாலும் அது தவறான பக்கம் இறங்கலாம்.

அந்த எச்சிலில் கிருமி குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002இல் விரிவாக வெளிவந்தது. சாப்பாட்டுக்குப் பின் தினமும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம். ஒரு பிரஷ் செய்த வேலை!

அடுப்படிக்கு வந்த அறிவியல்

எந்த உணவை எந்தக் கெட்டியில் கொடுப்பது என்பதில் ஊருக்கு ஒரு பேச்சு இருந்தது. 2010களில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். திரவத்தை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்டது சாதாரண 10 மில்லி சிரிஞ்சு. நிரப்பி, 10 நொடி ஒழுகவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிகூட மிஞ்சாவிட்டால் அது தண்ணீர்க் கணக்கு. எட்டு மில்லிக்கு மேல் மிஞ்சினால் நல்ல கெட்டி.

இதை நம் சாப்பாட்டில் பொருத்திப் பாருங்கள். ரசமும் மோரும் தண்ணீர்க் கணக்கு. குழைந்த சோறு வேறு, அதன்மேல் ரசத்தை ஊற்றிய ரசஞ்சோறு வேறு. ரசஞ்சோற்றில் பருக்கையும் நீரும் தனித்தனி வேகத்தில் ஓடும், அதனால் அது தளர்ந்த தொண்டைக்கு இரட்டைச் சோதனை. செங்கோட்டைப் பக்கம் பெயர்பெற்ற பரோட்டாவும் சால்னாவும் அதே கதைதான். நீராகாரமும் அப்படியே. "ஈசியா இறங்கும்" என்று நாம் நினைத்துக் கொடுப்பவைதான் பெரும்பாலும் சிக்கலானவை. கட்டியில்லாத கெட்டிக் கூழ், மசித்த இட்லி போன்றவை பலருக்கு ஏற்றவை. ஆனால் யாருக்கு எது என்பதை, பார்த்துச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கெட்டியாக்கினால் நோயாளிகள் தாகத்தால் தவிக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனை, வாயை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, சாப்பாட்டு நேரம் தவிர்த்து, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு வெறும் தண்ணீர் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. சுத்தமான வாயில் இருந்து தவறி இறங்கும் கொஞ்சம் தண்ணீரை நுரையீரல் சமாளிக்கும், பாலையும் காபியையும் அப்படிச் சமாளிக்காது என்பது அதன் அடிப்படை. ஆக தண்ணீர் எதிரி இல்லை. சோதிக்காமல் கொடுக்கும் தண்ணீர்தான் எதிரி.

தென்காசியில் இன்று

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் மாவட்டத் தலைநகர் என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த திருநெல்வேலிதான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு, இயன்முறைப் பயிற்சியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. விழுந்த கைகாலுக்குப் பயிற்சி தேவை என்பது இப்போது கிராமத்திலும் தெரியும். தொண்டைக்கும் பயிற்சி உண்டு, அதற்கென்று படித்தவர்கள் உண்டு என்பது இன்னும் பரவலாகத் தெரியவில்லை.

ரைல் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், வீட்டில் பல மாதம். மூன்று வேளையும் ஊட்டுபவர் மனைவியோ மகளோ மருமகளோதான். இருநூறு ஆண்டு ஆராய்ச்சி அவர் கைக்கு வந்து சேர்ந்தால்தான் பயன்.

அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. திடீரென்று வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் 108க்குப் போன் செய்யுங்கள். சோதிக்கும்வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். "விழுங்க முடியுதான்னு பார்த்தீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். வீட்டில் ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். வாயைச் சுத்தம் செய்யுங்கள். சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நல்ல தொண்டைக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கலாம். புரையேறாத தொண்டைக்காக, பக்கத்தில் இருப்பவர்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.